கொண்டை வெட்டிய பிறகு

எங்கள் முதியோர் இல்லத்தின் குளியலறைத் தரை எந்நேரமும் ஈரம்தான். சோப்பு நுரை வேறு. நாங்கள் எல்லாரும் அதில் சாதாரணமாக நடப்போம், எப்போதாவது வழுக்குவோம். எங்களோடு வேலை பார்க்கும் முன்னாள் சுமோ வீரர் ஒருவர் மட்டும் பாதத்தைத் தரையைவிட்டு எடுக்கவே மாட்டார். முழங்காலை மடக்கி, இடுப்பை இறக்கி, கால் கட்டைவிரலால் தரையைப் பற்றிக்கொண்டு தேய்த்துத் தேய்த்தே நகர்வார். எதிரே நிற்கும் பாட்டியின் இரண்டு முன்கைகளையும் பிடித்தபடி அவர் பின்பக்கமாகப் போவார், பாட்டி அவரைப் பார்த்து நடந்து வருவார். இந்த நடைக்கு ஜப்பானிய மல்யுத்தமான சுமோவில் சுரியாஷி என்று பெயர். பதினாறு வருடம் தினமும் விடியற்காலையில் மண் தரையில் பழகிய நடை.

நான் பட்டுக்கோட்டைக்காரன். நர்சிங் டிப்ளமா முடித்துவிட்டு, பராமரிப்புப் பணிக்கான தேர்வும் ஜப்பானிய மொழித் தேர்வும் எழுதி, 2022 ஜூலையில் டோக்கியோவுக்கு வந்தேன். நான் வேலை பார்க்கும் இல்லம் சுமிதா ஆற்றுக்குக் கிழக்கே, சுமோ அரங்கமான கொக்குகிகான் இருக்கும் ரியோகோகுவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. யுகாத்தா என்ற பருத்தி அங்கி உடுத்திய பருத்த சுமோ பையன்கள் சைக்கிளில் போவதைத் தெருவில் பார்ப்பேன். அவர்கள் கடந்து போனதும் தலைமுடியில் தடவும் பின்ட்சுகே மெழுகின் இனிப்பு வாசனை கொஞ்ச நேரம் காற்றில் நிற்கும். அதுவரை சுமோவைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

2023 ஜனவரியில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். அவருக்கு 32 வயது, எனக்கு 26. முதல் நாள் என் முன்னால் வந்து நின்று இடுப்பு வரை குனிந்து, "செம்பாய், கற்றுக்கொடுங்கள்" என்றார். செம்பாய் என்றால் முன்னால் சேர்ந்த மூத்தவர். எனக்குக் கூச்சமாகிவிட்டது. "நீங்கள் என்னைவிட ஆறு வயது பெரியவர், அப்படிக் கூப்பிடாதீர்கள்" என்றேன். "வயது எதற்கு? நீங்கள்தான் முதலில் வந்தீர்கள்" என்றார். இன்றுவரை நான் அவருக்குச் செம்பாய்தான். அது பணிவுக்காகச் சொல்வதில்லை, அவர் வளர்ந்த உலகத்தின் கணக்கு என்று பின்னால்தான் புரிந்தது.

இதை எழுதட்டுமா என்று கேட்டபோது சம்மதித்தார். சுமோவில் அவருக்கு இருந்த பெயரையும், தங்கிப் பயிற்சி பெற்ற கூடத்தின் பெயரையும் மட்டும் போட வேண்டாம் என்றார். இல்லத்தில் இருக்கும் பெரியவர்கள் அவரை ஓசுமோசான், அதாவது சுமோக்காரர், என்று கூப்பிடுகிறார்கள். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

சுமோ என்றதும் நம் நினைவுக்கு வருவது டிவியில் பார்க்கும் பெரிய வீரர்கள். மொத்தம் இருக்கும் ஏறக்குறைய 600 பேரில் மாதச் சம்பளம் வாங்குபவர்கள் 70 பேர்தான். மேல் பிரிவான மாக்குஉச்சியில் 42 பேர், அதற்கு அடுத்த ஜூரியோவில் 28 பேர். இவர்களைச் செகிதோரி என்பார்கள். ஜூரியோவுக்குள் காலை வைத்தால் மாதம் 11 லட்சம் யென், உச்சப் பட்டமான யோக்கோசுனா ஆனால் 30 லட்சம். ஒரே ஒரு படி கீழே, மாக்குஷிதாவில், சம்பளமே கிடையாது. ஒரு தொடருக்கு 1,65,000 யென் படி தருவார்கள். வருடத்துக்கு ஆறு தொடர், ஆக மொத்தம் பத்து லட்சத்தைத் தொடாது. இன்னும் கீழே ஜொநிதானில் 88,000தான். தங்குவதும் சாப்பிடுவதும் கூடத்திலேயே என்பதால் காலம் ஓடிவிடும். கையில் எதுவும் நிற்காது.

ஓசுமோசான் 2006 மார்ச்சில், நடுநிலைப் பள்ளி முடித்த கையோடு, 15 வயதில் ஒசாகா தொடரில் அறிமுகமானார். மார்ச் தொடருக்கு வேலைக்குச் சேரும் தொடர் என்றே பெயர் உண்டு. பள்ளி முடித்த பையன்கள் கூட்டமாக வந்து சேர்வது அப்போதுதான். அவர் மாக்குஷிதா வரை ஏறினார். அந்தப் பிரிவில் முதல் 15 இடங்களுக்குள் இருந்து ஏழுக்கு ஏழு ஜெயித்தால் ஜூரியோ உறுதி. ஒருமுறை அவர் 14ஆம் இடத்தில் இருந்தார். ஆறு ஜெயித்தார், ஒன்று தோற்றார். அந்த ஒரு ஆட்டத்தைப் பற்றி மூன்று வருடத்தில் இரண்டு முறைதான் என்னிடம் பேசியிருக்கிறார். இரண்டு முறையும் வலது குதிகாலைத் தரையில் லேசாகத் தட்டிக் காட்டினார். வளையத்தின் வைக்கோல் பொதிக்கு வெளியே அந்தக் குதிகால்தான் முதலில் பட்டது.

அடுத்த தொடரில் முழங்கால் தசைநார் அறுந்தது. சுமோவில் அடிபட்டு ஆடாமல் உட்கார்ந்தால் தரவரிசையில் சரசரவென்று கீழே இறக்கிவிடுவார்கள். ஒரு வருடத்தில் ஜொநிதான். மறுபடி ஏறினார், மறுபடி முழங்கால். 2022 செப்டம்பர் தொடர் முடிந்ததும் விலகினார். தொடர் முடிந்து வரும் புதன்கிழமை அடுத்த தரவரிசைக்கான கூட்டம் நடக்கும், அன்றைக்கே விலகியவர்களின் பட்டியலும் வெளியாகும். அதில் ஒரு வரியாக அவர் பெயர் வந்தது.

விலகிய பிறகு சுமோ சங்கத்திலேயே குருவாக இருக்க ஒரு வழி உண்டு. மூத்தோர் பெயர்கள் மொத்தம் 105. அதில் ஒன்று கிடைக்க ஜப்பானியக் குடியுரிமை வேண்டும், செகிதோரியாகக் குறைந்தது 30 தொடர்கள் ஆடியிருக்க வேண்டும், அல்லது மேல் பிரிவில் அதற்கு ஈடான தகுதி வேண்டும். கீழ்ப் பிரிவினருக்கு வாகாயிமோனோகாஷிரா, செவானின் என்று உதவியாளர் வேலைகள் சில இருக்கின்றன. முதலாவதில் 8 இடம், இரண்டாவதில் 13. மற்றவர்கள் எல்லாரும் வெளியேதான் போக வேண்டும். பெரிய வீரர்களுக்கும் இந்தப் பாதை நேராக அமையவில்லை. முதல் வெளிநாட்டு யோக்கோசுனாவான அகேபோனோ 2003இல் சங்கத்தைவிட்டு வெளியேறி கே-1 என்ற கிக்பாக்ஸிங் போட்டிக்குப் போனார், அந்த வருடத்தின் கடைசி நாளில் முதல் சுற்றிலேயே விழுந்தார். முசாஷிமாரு குருவானார், ஆனால் சிறுநீரகம் கெட்டு, மனைவியின் சிறுநீரகம் பொருத்தப்பட்ட பிறகே தேறினார். கிசேனோசாத்தோ விலகிய பின் வாசேதா பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்து, இபாராக்கியில் சொந்தக் கூடம் தொடங்கினார். எஸ்தோனியாவின் பாருத்தோ ஊர் திரும்பி நாடாளுமன்ற உறுப்பினரானார். இந்தக் கதைகளை ஓசுமோசானிடம் சொன்னால் மரியாதையாகக் கேட்பார். "அவர்கள் போன கதவு வேறு, எங்கள் கதவு வேறு" என்பார்.

அவருடைய கொண்டையை வெட்டிய சடங்கை அவர் போனில் பார்த்தேன். தன்பாட்சுஷிகி என்பார்கள். கொக்குகிகான் மேடையில் நூற்றுக்கணக்கான பேர் தங்கமுலாம் பூசிய கத்தரியால் ஆளுக்கு ஓரிழை வெட்டுவது பெரிய வீரர்களுக்கு. அவருக்கு நடந்தது, தொடரின் கடைசி நாள் இரவில் கூடம் நடத்தும் விருந்தில். அறுபது பேர் வரிசையில் வந்தார்கள். கடைசி வெட்டு ஒயாகதாவுடையது, அதாவது கூடத்தின் குருவுடையது. கொண்டை கையோடு வந்ததும் ஓசுமோசான் தன் பிடரியைத் தடவிப் பார்க்கிறார். "குளிர்ந்தது" என்று சொன்னார். வெட்டிய கொண்டையை ஒரு மரப்பெட்டியில் வைத்திருக்கிறார். எனக்காக ஒருநாள் திறந்து காட்டினார். தெருவில் சைக்கிள் பையன்களிடம் வரும் அதே வாசனை அறை முழுக்கப் பரவியது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் பெட்டியை மூடிவிட்டார்.

முதல் மாதம் எப்படி இருந்தது என்று நான் துருவித் துருவிக் கேட்டிருக்கிறேன், ஏனென்றால் நானும் புது ஊரில் முதல் மாதத்தைக் கடந்து வந்தவன். அவர் சொன்ன சிரமங்கள் பலவும் நான் நினைத்தே பார்க்காதவை. பெரிய அறையில் பதினைந்து பேரோடு படுத்துப் பழகியவருக்குத் தனி அறையின் அமைதியில் தூக்கம் வரவில்லை. ரேடியோவைப் பேசவிட்டுத் தூங்கினார். சமைக்கத் தெரியும், ஆனால் இருபது பேருக்குத்தான் தெரியும். ஒரு ஆளுக்கு எவ்வளவு முட்டைக்கோஸ் என்று கைக்குப் பிடிபடவில்லை. முதல் பானையை மூன்று நாள் சாப்பிட்டார். பதினாறு வருடம் யுகாத்தாவும் செருப்பும் போட்டவருக்குக் காலுறைக்குள் விரல்கள் மூச்சுத் திணறின. தாழ்வான வாசல் வந்தால் கொண்டை இடிக்காமல் இருக்கக் கை தானாகத் தலைக்குப் போனது. அந்தக் கை இப்போதும் போகிறது, நான் பார்த்திருக்கிறேன்.

காகித வேலை இன்னொரு பக்கம். கூடத்தைவிட்டு வந்ததும் 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரி மாற்ற வேண்டும், உடல்நலக் காப்பீட்டுக்குப் பதிய வேண்டும். அதுவரை காய்ச்சல் என்றாலும் கொக்குகிகானுக்குள்ளேயே இருக்கும் சுமோ மருத்துவமனைதான். வெளியே ஒரு கிளினிக்கில் எப்படிப் பெயர் பதிவது என்றுகூட அவருக்குத் தெரியாது. வாடகை வீட்டுக்கு ஒயாகதா கையெழுத்துப் போட்டார். கார் ஓட்டத் தெரியாது, களத்தில் இருக்கும் வீரர்கள் வண்டி ஓட்டச் சங்கத்தின் தடை இருக்கிறது. வேலை தேடிப் போன இடங்களில் பாதிப் பேர் கேட்ட முதல் கேள்வி லைசென்ஸ்தான்.

முதலில் கிடைத்தது ஒரு சாப்பாட்டுக் கடை. கூடத்தை ஆதரித்த ஒருவர் நடத்தியது. சமையல் வேலை என்று சொல்லிக் கூட்டிப்போய் வாசலில் யுகாத்தாவில் நிற்கவைத்தார்கள். வருகிறவர்கள் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள், இரவு மேசைக்கு மேசை பீர் ஊற்றினார்கள். ஆறு வாரம் இருந்தார். எடை ஏழு கிலோ ஏறியது. விலகிய முதல் வருடத்தில்தான் பழைய ஆதரவாளர்கள் அதிகமாக அழைப்பார்கள், அந்த அழைப்பை நம்பி வேலையை முடிவு செய்யக் கூடாது என்பது அவர் அங்கே கற்றது. அன்பில் குறை சொல்ல மாட்டார். "அவர்கள் கூப்பிட்டது பழைய ஆளை" என்பார்.

அப்புறம் எங்கள் இல்லம். பராமரிப்புப் பணிக்கான 130 மணி நேர அடிப்படைப் பயிற்சியை வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டும். பாடப் புத்தகத்தைத் திறந்ததும் வேர்த்துவிட்டது அவருக்கு. 15 வயதோடு நின்ற படிப்பு. நானோ பட்டுக்கோட்டையிலும் சென்னையிலும் உட்கார்ந்து இந்தத் துறையின் கான்ஜி எழுத்துகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவன். படுக்கைப்புண்ணுக்கு ஜொக்குசோ, சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போவதற்கு கோஎன். இரவுப் பணியில் இரண்டு மணிக்குச் சுற்று முடிந்ததும் அவருக்கு அந்த எழுத்துகளை நான் சொல்லிக்கொடுத்தேன். அவர் தடித்த விரல்களால் பென்சிலைப் பிடித்து, ஒரு எழுத்தைப் பத்து முறை எழுதுவார். கையெழுத்து அச்சுப்போல இருக்கும். புதிதாகச் சேரும் வீரர்களுக்குக் கொக்குகிகானில் ஆறு மாதம் வகுப்பு உண்டு, அதில் எழுத்துக்கலையும் ஒரு பாடமாம். என்னைவிட அழகாக எழுதிக்கொண்டே, "செம்பாய், இது சரியா?" என்று கேட்பார்.

சில கூடங்களில் பையன்களை அஞ்சல் வழியில் உயர்நிலைப் பள்ளி படிக்கவைக்கிறார்கள். எல்லாக் கூடத்திலும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. பதினைந்து வயதுப் பையனைக் கூட்டிப்போகிறவர்களுக்கு அவன் முப்பது வயதில் வெளியே வருவான் என்பது நன்றாகவே தெரியும்.

உடம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் என் பங்கும் இருக்கிறது. சேர்ந்தபோது 165 கிலோ. ஓய்வறையில் அவர் குட்டித்தூக்கம் போடும்போது குறட்டை கேட்கும். திடீரென்று நிற்கும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், இருபது விநாடிக்கு மேல் மூச்சே இல்லை. பிறகு ஒரு பெரிய இழுப்பு. நர்சிங் படித்தவன் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய்க்கான பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். இரவில் முகத்தில் மாட்டிக்கொள்ளும் காற்று இயந்திரம் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து வந்து, "செம்பாய், காலை இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது" என்றார். களத்தில் இருக்கும்போதே காலையில் தலைவலியோடுதான் எழுந்திருக்கிறார், எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறார். அதே சமயம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது.

சான்கோ என்ற சுமோ வீரர்களின் பானைச் சாப்பாட்டைப் பலர் குறை சொல்வார்கள். அந்தப் பானையில் இருப்பது கோழி, தோஃபு, முட்டைக்கோஸ், காளான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. காலையில் வெறும் வயிற்றில் பயிற்சி, பதினோரு மணிக்குச் சான்கோவோடு மலைபோலச் சோறு, உடனே தூக்கம், இந்த வரிசைதான் எடையைக் கூட்டுகிறது. பயிற்சி நடக்கும்வரை கொழுப்பு பெரும்பாலும் தோலுக்கடியில் நிற்கும். பயிற்சி நின்றும் சாப்பாடு நிற்காவிட்டால் அது உள்ளுறுப்புகளைச் சுற்றி ஏற ஆரம்பிக்கும். ஆகவே அவர் வரிசையை மாற்றினார். காலையில் சாப்பிட ஆரம்பித்தார். பானையை விடவில்லை, சோற்றுக் கிண்ணத்தைச் சின்னதாக வாங்கினார். மதியத் தூக்கத்தை விட்டார், பீரை மாதத்துக்கு ஒருநாள் ஆக்கினார். ஷிகோ என்று காலைத் தூக்கி ஊன்றும் பயிற்சியைத் தினமும் ஐம்பது முறை செய்தார், முழங்கால் அனுமதித்த உயரத்துக்கு மட்டும். இரண்டு வருடத்தில் 118 கிலோ. முதல் மூன்று மாதத்தில் அதிகம் இறங்கியது, அப்புறம் எட்டு மாதம் அசையவே இல்லை. அந்த எட்டு மாதம் தினமும் எடை பார்ப்பதை நிறுத்தச் சொன்னேன். மாதம் ஒருமுறை, ஒன்றாம் தேதி, நான் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் என்று வைத்துக்கொண்டோம்.

இதையெல்லாம்விட அவரை உள்ளுக்குள் அரித்தது ஒன்று. சேர்ந்த புதிதில் ஒரு இரவு சொன்னார்: "பதினாறு வருடம். கையில் என்ன இருக்கிறது? ஜூரியோ இல்லை. படிப்பு இல்லை. பாதி நாள் அடுத்தவர் முதுகைத் தேய்த்தேன்."

அது உவமை இல்லை, நிஜமாகவே அப்படித்தான். செகிதோரி ஒவ்வொருவருக்கும் கீழ்ப் பிரிவு வீரர்கள் உதவியாளாக இருக்க வேண்டும். ட்சுகேபிதோ என்று பெயர். குளிக்கும்போது முதுகு தேய்க்க வேண்டும், இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிவிட வேண்டும், மூங்கில் பெட்டியை அடுக்க வேண்டும், ஆட்டத்துக்குப் போகும் வழியில் துண்டோடு நிற்க வேண்டும். செகிதோரி வாய்திறந்து கேட்பதற்கு முன்னால் கையில் இருக்க வேண்டும். தோற்று வரும்போது ஒரு வார்த்தை பேசக் கூடாது, ஜெயித்து வரும்போது எவ்வளவு பேசலாம் என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓசுமோசான் ஒன்பது வருடம் இரண்டு பேருக்கு அப்படி இருந்தார். அதில் இரண்டாவது ஆள் அவரைவிட நான்கு வயது சின்னவர்.

எங்கள் இல்லத்தில் அப்போது ஒரு தாத்தா இருந்தார். பக்கவாதம் வந்து வலது பக்கம் வேலை செய்யாது. வாழ்நாள் முழுக்கத் தச்சு வேலை பார்த்தவர், ரோஷக்காரர். அவரைக் குளிக்கவைக்க நாங்கள் யாரும் ஜெயித்ததில்லை. இடது கையால் தட்டிவிடுவார், வாளியைத் தள்ளிவிடுவார். நான் அவரிடம் எத்தனையோ பேசிப் பார்த்திருக்கிறேன், "குளித்தால் நன்றாக இருக்கும், இன்றைக்கு வெந்நீர் இதமாக இருக்கிறது" என்று. ஒருநாள் ஓசுமோசானை அனுப்பினோம். நான் கதவருகே நின்றேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. தாத்தாவின் பின்பக்கம் போய் மண்டியிட்டார். துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தார், தன் மணிக்கட்டின் உட்பக்கம் வைத்துச் சூடு பார்த்தார், பிறகு தாத்தாவின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே வைத்து அப்படியே அழுத்திப் பிடித்தார். தேய்க்கவில்லை. தாத்தாவின் இடது கை எழும்பியது, பாதியில் நின்றது, இறங்கியது. அப்புறம் கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரே நீளமாக ஒரு இழுப்பு. துண்டை மடித்துப் புதுப் பக்கத்தால் அடுத்தது. தாத்தா தலையைக் குனிந்துகொண்டார். முன்பக்கம் கழுவும் நேரம் வந்தபோது துண்டைத் தாத்தாவின் இடது கையில் கொடுத்துவிட்டு, இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாத்தா தானே கழுவினார். எல்லாம் முடிந்ததும் தாத்தா கேட்டார், "எந்தக் கூடம்?" ஓசுமோசான் கூடத்தின் பெயரைச் சொன்னார். "நல்ல கூடம். அங்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்" என்றார் தாத்தா.

அன்று இரவு நான் அவரிடம் சொன்னேன். நர்சிங் கல்லூரியில் மூன்று வருடம் படித்தும் எனக்கு வராதது அது. எதிரே இருப்பவர் கேட்கும் முன் தெரிந்துகொள்வது, தேவை முடிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வது. நீங்கள் வெட்கப்படும் அந்த ஒன்பது வருடம்தான் இங்கே உங்களுக்குச் சோறு போடுகிறது என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் அந்தத் தாத்தாவின் குளியல் முறையைத் தானாகவே தன் பெயரில் எழுதிக்கொண்டார்.

வேறு தொழிலிலிருந்து விலகுகிறவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் முக்கியமாக இதை எழுத ஆரம்பித்தேன். புது வேலைக்கு எதைக் கொண்டுபோகிறோம் என்று தேடும்போது எல்லாரும் பதக்கத்தையும் பதவியையும்தான் புரட்டிப் பார்க்கிறோம். தினமும் செய்து செய்து வேலை என்றே நினைக்காமல் போன விஷயங்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒரு இரவுப் பணியில் உட்கார்ந்து எழுதினோம். இருபது பேருக்குச் சமைப்பது, பார்சல் கட்டுவது, பெரியவர்களிடம் பேசும் முறை, வலியோடு காலை ஐந்து மணிக்கு எழுவது, தோற்ற மறுநாள் மறுபடி களத்தில் நிற்பது. ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கம் போனது.

2025 ஜனவரித் தொடர் முடிந்த இரவில் அவருடைய பழைய கூடத்தின் விருந்துக்கு என்னையும் கூட்டிப்போனார். அவரோடு பத்து வருடம் இருந்த தம்பி ஒருவர் 27 வயதில் விலகினார். கொண்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வரிசையில் வந்தவர்கள் ஓரிழை வெட்டி, தோளைத் தட்டி, காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். கொக்குகிகானில் சுமோ மேடையில் பெண்கள் ஏறக் கூடாது. இது ஹோட்டல் கூடம் என்பதால் அவருடைய அம்மாவும் வரிசையில் வந்து கத்தரியைப் பிடித்தார். அந்த அம்மாவின் கை நடுங்கியதில் இரண்டு முறை வெட்ட வேண்டியதாயிற்று. எனக்கு அதைப் பார்த்துத் தொண்டை அடைத்தது.

விருந்துக்குப் பிறகு படிக்கட்டருகே தம்பியைப் பிடித்து ஓசுமோசான் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவசரமாகப் பேசினார், மறந்துவிடுவோமோ என்பதுபோல. நாளைக்கே ஒரு முழு உடல் பரிசோதனை எடு, தூக்கத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல். இன்று உறையில் வைத்துத் தரும் பணத்தில் லைசென்ஸுக்கு முதலில் ஒதுக்கு. வார்டு அலுவலகத்துக்கு நான் உன்னோடு வருகிறேன். யார் வேலை தருகிறேன் என்றாலும் ஒரு மாதம் பதில் சொல்லாதே, என்ன வேலை, எத்தனை மணி, காப்பீடு உண்டா என்று எழுதி வாங்கு. சின்னக் கிண்ணம் வாங்கு. தனியாகத் தூக்கம் வராவிட்டால் எனக்குப் போன் பண்ணு, எத்தனை மணியானாலும் பரவாயில்லை, நான் இரவுப் பணியில்தான் இருப்பேன். அப்புறம், புது இடத்தில் நீ ஜொநோகுச்சி என்று நினைத்துக்கொள், கடைசிப் பிரிவின் கடைசிப் பெயர். அங்கிருந்து ஏறி உனக்குப் பழக்கம் இருக்கிறது.

தம்பி பிப்ரவரியில் ஒருநாள் எங்கள் இல்லத்தைப் பார்க்க வந்தார். புது பேண்ட் தொடையில் பிடித்தது. வாசலில் தலை குனியும்போது கை மேலே போனது. சும்மா பார்க்கத்தான் வந்தார், எதையும் தொட வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். குளியல் நேரத்தில் நான் ஒரு பாட்டியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் துண்டுக்காகக் கையை நீட்டினேன். கேட்கவில்லை, நீட்டினேன், அவ்வளவுதான். துண்டு கையில் இருந்தது. பிழிந்து, இரண்டாக மடித்து, தன் மணிக்கட்டில் சூடு பார்த்துவிட்டுக் கொடுத்திருந்தார்.

தொட்டியின் அந்தப் பக்கம் நின்ற ஓசுமோசான் என்னைப் பார்த்தார்.